மழைக்கும் வருகைப் பதிவேடு

பிள்ளைகளுக்கு வானிலை பார்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று சென்ற மாதம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதைத் தொடர்ந்து ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் எழுதிய கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: எங்கள் பள்ளியில் வானிலைக் கருவி என்று ஒன்றுமே இல்லை. எதை வைத்துத் தொடங்குவது?
— ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, மன்னார்குடி

பதில்: மழையை வைத்துத் தொடங்குங்கள். மற்றதற்கெல்லாம் கருவி வாங்க வேண்டும், மழைக்கு ஒரு பாட்டிலும் ஸ்கேலும் போதும். பெய்த நீர் ஓடாமல், ஊறாமல், காயாமல் அப்படியே நின்றிருந்தால் தரையில் எவ்வளவு உயரத்துக்கு நின்றிருக்கும் என்பதுதான் மழையின் மி.மீ. கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். இதைச் சொல்லிவிட்டு, வகுப்பறைக் கூரையின் நீள அகலத்தை அளந்துவரப் பிள்ளைகளை அனுப்புங்கள். 20 மி.மீ. மழைக்கு அந்தக் கூரையிலிருந்து எத்தனை குடம் தண்ணீர் வழிந்தோடியது என்று அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலாகத் தேடி எடுங்கள். கழுத்துப் பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே பாட்டிலுக்குள் செருகினால் புனல் தயார். உள்ளே விழுந்த நீர் சீக்கிரம் ஆவியாகாமலும், வேகமாக விழும் துளி வெளியே தெறிக்காமலும் அது காக்கும். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் 0 கோடு போடுங்கள். கல்லின் கனத்தால் பாட்டிலும் காற்றில் சாயாது. வெயில் நாட்களில் அந்தத் தண்ணீர் குறையும், தினமும் கோடுவரை நிரப்பிவிட வேண்டும்.

வைக்கும் இடத்தில்தான் பல பள்ளிகள் கோட்டை விடுகின்றன. மரத்தடியும் கூரையோரமும் கூடவே கூடாது. பக்கத்துச் சுவர் 3 மீட்டர் உயரம் என்றால் மழைமானி குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரே பாட்டிலைப் பார்த்து மூன்று பிள்ளைகள் மூன்று அளவு சொல்கிறார்கள். யார் சொல்வதை எழுதுவது?
— ஆசிரியர், தென்காசி

பதில்: மூன்றையும் எழுதிவிட்டு நடுவில் உள்ள அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் மூன்று வந்தது என்று அந்த மூவரையும் கேளுங்கள், பாடமே அதில்தான் இருக்கிறது. ஒருவன் நின்றுகொண்டு மேலிருந்து பார்த்திருப்பான். ஒருத்தி தண்ணீர் சுவரை ஒட்டி ஏறியிருக்கும் விளிம்பைப் படித்திருப்பாள். குந்தி உட்கார்ந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, வளைவின் அடியைப் படிப்பதுதான் முறை.

ஸ்கேலைவிட நுட்பமான வழி ஒன்றும் இருக்கிறது. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 5 மில்லி மூடி வீட்டுக்கு ஒன்று சும்மா கிடக்கும். மழை விழும் வாயின் உள்விட்டம் 8 செ.மீ. இருக்கும்படி ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுங்கள். அந்த வட்டத்தின் பரப்பு 50 சதுர செ.மீ. சொச்சம். ஆகவே உள்ளே சேர்ந்த தண்ணீரை மூடியால் அளந்தால் ஒரு மூடி 1 மி.மீ. மழை. அரை மூடி என்றால் அரை மி.மீ. இந்த முறைக்குக் கூழாங்கல்லும் தண்ணீரும் வேண்டாம், காலி டப்பாவே போதும். அடிப்பக்கம் எப்படி வளைந்திருந்தாலும் கவலையில்லை, வாயின் அளவு மட்டும் சரியாக இருந்தால் போதும். வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு நடத்தும்போது இதைச் செய்யவையுங்கள். அந்தச் சூத்திரத்தைப் பிறகு யாரும் மறக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்க மிஸ் தினமும் மழை அளவு எழுதச் சொல்றாங்க. மழையே பெய்யாத நாளில் என்ன எழுதுவது?
— நான்காம் வகுப்பு மாணவி, விருதுநகர்

பதில்: 0 எழுது, கண்ணு. கட்டத்தை வெறுமையாக மட்டும் விட்டுவிடாதே. 0 என்றால் "நான் போய்ப் பார்த்தேன், தண்ணீர் இல்லை" என்று பொருள். வெறும் கட்டம் என்றால் "நான் பார்க்கவே இல்லை" என்று பொருள். இரண்டும் ஒன்றா? உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் வராதவர்களுக்கும் ஒரு குறி போடுகிறார்கள் அல்லவா? மழைக்கும் அதே மரியாதை. ஊரில் வறட்சி எத்தனை நாள் நீடித்தது என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், நீ எழுதிய 0-க்கள்தான் பதில் சொல்லும். நாலு சொட்டு விழுந்து, அளக்க முடியாத அளவுக்கு ஈரம் மட்டும் இருந்தால் "தூறல்" என்று எழுதிவிடு.

கேள்வி: சனி, ஞாயிறு பள்ளி இல்லை. தேர்வு விடுமுறை வேறு. பதிவு அறுந்துபோகிறதே?
— தலைமை ஆசிரியர், பெரம்பலூர்

பதில்: பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்கலாம். அதற்கு வழியில்லை என்றால் திங்கள்கிழமை காலையில் இருப்பதை அளந்து, "மூன்று நாள் மொத்தம்" என்று எழுதுங்கள். மாதக் கணக்குக்கு அது போதும். அந்த மொத்தத்தை மூன்றால் வகுத்து மூன்று கட்டங்களில் நிரப்பும் ஆசை மட்டும் வேண்டாம். நாளிதழைப் பார்த்தோ கைப்பேசியைப் பார்த்தோ விட்டுப்போன நாளை நிரப்பவும் வேண்டாம். ஆய்வு அதிகாரி வரும்போது பதிவேடு நிறைவாகத் தெரிய வேண்டும் என்று பிள்ளைகளை எண் இட்டுக்கட்ட வைத்தால், நாம் கற்றுக்கொடுப்பது வானிலை இல்லை, பொய்க்கணக்கு. ஓட்டை உள்ள உண்மையான பதிவேட்டுக்கு என் நூற்றுக்கு நூறு மதிப்பெண்.

கேள்வி: வானிலை மையம் காலை 8.30 மணிக்கே அளக்கிறதாமே, ஏன்?
— பயிற்சி ஆசிரியை, நாமக்கல்

பதில்: எல்லா ஊர்களையும் ஒப்பிட வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். இந்திய நேரம் காலை 8.30 என்பது உலகப் பொது நேரப்படி அதிகாலை 3 மணி. உலக அளவில் வானிலை நிலையங்கள் ஒன்றாகப் படிக்கும் வேளைகளில் அதுவும் ஒன்று. முந்தைய நாள் 8.30-லிருந்து இன்று 8.30 வரை பெய்ததெல்லாம் இன்றைய கணக்கு. அதனால்தான் 2015 டிசம்பர் 1-ம் தேதி சென்னையைப் புரட்டிப் போட்ட மழை, டிசம்பர் 2-ம் தேதி காலைக் கணக்கில் தாம்பரத்துக்கு 49 செ.மீ. என்று பதிவானது. உங்கள் பள்ளியில் 9.15-க்குத்தான் முடியும் என்றால் தினமும் 9.15-க்கே படியுங்கள். இன்று ஒரு நேரம், நாளை ஒரு நேரம் என்றால்தான் கணக்கு கெடும்.

கேள்வி: இணையத்தில் தானியங்கி வானிலைக் கருவி விற்கிறார்கள். பத்து வயது மகளுக்கு வாங்கித் தரலாமா?
— தந்தை, கோயம்புத்தூர்

பதில்: ஒரு பருவமழை முழுக்க அவள் தன் கண்ணால் படித்து, தன் கையால் எழுதட்டும். பிறகு வாங்குங்கள். அப்போதுதான் கருவி தப்பாகக் காட்டினால் அவளுக்குத் தெரியும்.

கேள்வி: காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வகுப்பறை வெப்பத்தை அளக்க உதவுமா?
— ஆறாம் வகுப்பு மாணவன், திண்டுக்கல்

பதில்: உதவாது, தம்பி. அது உடல் சூட்டுக்காகச் செய்தது. ஏறக்குறைய 35 டிகிரி முதல் 42 டிகிரி வரைதான் அதில் கோடு இருக்கும். பழைய பாதரச வகையில் ஏறிய பாதரசம் உதறினால்தான் இறங்கும். வகுப்புக்குப் பாதரசக் கருவியே வேண்டாம், உடைந்தால் அதன் ஆவி நச்சு. சிவப்புத் திரவம் உள்ள சாதாரண வெப்பமானியோ, அதிகபட்சம் குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் எண்முறை வெப்பமானியோ வாங்கச் சொல்.

கேள்வி: வெப்பமானியை மைதானத்தில் வெயிலில் வைத்தோம். 50 டிகிரிக்கு மேல் போய்விட்டது. பிள்ளைகள் செய்தித்தாளில் வந்த 38 தப்பு என்கிறார்கள்.
— அறிவியல் ஆசிரியை, கரூர்

பதில்: இரண்டுமே தப்பில்லை, இரண்டும் வேறுவேறு பொருளின் சூடு. வெயிலில் வைத்த வெப்பமானி காட்டுவது வெயில் பட்டுச் சூடேறிய தன் சூட்டையே. நமக்கு வேண்டியது காற்றின் சூடு. அதற்காகத்தான் வெள்ளை அடித்து, நாலு பக்கமும் சாய்வுப் பலகை வைத்த மரப்பெட்டிக்குள் வெப்பமானியை வைக்கிறார்கள். வெயிலும் மழையும் உள்ளே வராது, காற்று மட்டும் தாராளமாக வந்து போகும். 1860-களில் இதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். 'புதையல் தீவு' நாவல் எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. ஊர்த் தச்சரிடம் சொன்னால் ஒரே நாளில் செய்துவிடுவார். நெஞ்சு உயரத்தில், புல்தரையில் நிறுத்துங்கள், சிமெண்ட் தளத்தில் வேண்டாம்.

பெட்டியின் கதவு வடக்கே பார்க்க வேண்டும் என்று நூல்களில் இருக்கும். வெயில் தெற்கிலிருந்து வரும் ஊர்களுக்கு அது முழுப் பாதுகாப்பு. நம்மூரில் ஒரு சிறப்பு உண்டு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். காலைச் சூரியனும் வடகிழக்கில் இருப்பதால் கதவைத் திறந்ததும் வெயில் உள்ளே பாயும். அந்த மாதங்களில் படிக்கப் போகும் பிள்ளை தன் உடம்பால் நிழல் தந்துகொண்டே படிக்க வேண்டும். ஒரு குச்சியை நட்டு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த 50 டிகிரியையும் வீணாக்காதீர்கள். அதே வெப்பமானியை வேப்பமர நிழல், தகரக் கூரையின் அடி, மணல், தார் ரோட்டோரம் என்று கொண்டுபோய் வையுங்கள். நிழலுக்கும் வெட்டவெளிக்கும் காற்றின் சூட்டில் இருக்கும் வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவு. தரையின் சூட்டில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். தகரக் கூரை வகுப்பறையின் மதிய அளவுகளை ஒரு மாதத்துக்கு எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் பிள்ளைகளே வைக்கட்டும். "ரொம்பச் சூடா இருக்கு சார்" என்பதைவிட அந்தத் தாளுக்கு வலு அதிகம்.

கேள்வி: அக்னி நட்சத்திரத்தில்தான் வெயில் உச்சம் என்பது உண்மையா?
— வாசகர், வேலூர்

பதில்: பஞ்சாங்கம் சொல்லும் கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28-ஐ ஒட்டி முடியும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான நாள் 2003 மே 31. கத்திரி போன பிறகு! வானிலைத் துறை கணக்கில் கத்திரி என்று ஒரு காலமே இல்லை. பிள்ளைகளிடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை தினசரி உச்ச வெப்பத்தை எழுதச் சொல்லி, உங்கள் ஊரில் எந்த வாரம் முந்துகிறது என்று பாருங்கள். வேலூர் பதிவேடு வேலூருக்குப் பதில் சொல்லும்.

கேள்வி: மீனம்பாக்கத்தில் வெப்பம் எப்போதும் ஒரு டிகிரி கூடுதல், நுங்கம்பாக்கத்தில் குறைவு. ஏன்?
— பத்தாம் வகுப்பு மாணவி, சென்னை

பதில்: நுங்கம்பாக்கம் கடலுக்குப் பக்கம். கோடையில் கடற்காற்று அங்கே முதலில் வந்து சேரும், மீனம்பாக்கத்துக்குத் தாமதமாகப் போகும். உன் பள்ளி மாடியில் ஒரு ரிப்பனைக் கட்டு. காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும் நேரத்தையும் அன்றைய உச்ச வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. கடற்காற்று பிந்திய நாளில் வெப்பம் ஏறியிருக்கும்.

கேள்வி: எங்கள் காலத்தில் இரண்டு உழவு மழை, மூன்று உழவு மழை என்போம். வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல் குழியைப் பார்த்தே மழையைச் சொல்லிவிடுவோம். இதெல்லாம் அறிவியல் இல்லையா?
— ஓய்வுபெற்ற விவசாயி, அருப்புக்கோட்டை

பதில்: ஐயா, நல்ல அறிவியல். மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது என்பதுதான் விவசாயிக்கு முக்கியம். உழவு மழைக் கணக்கு அதைத்தான் சொல்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே களஞ்சியத்தின் முன் வாய் அகன்ற பாத்திரம் வைத்து மழை அளப்பது பற்றி வருகிறது. விதைப்புக்கும் விளைச்சலுக்கும் மழைக் கணக்கு வேண்டும் என்பது அவ்வளவு பழைய எண்ணம்.

ஆட்டுக்கல்லில் ஒரு சிக்கல் உண்டு. அதன் குழி மேலே அகலம், கீழே குறுகல். ஆகவே கொஞ்சம் மழை பெய்தாலே நிறைய ஏறியதுபோல் தெரியும், பிறகு ஏற்றம் மெதுவாகும். சுற்றியுள்ள கல்விளிம்பில் விழும் நீரும் உள்ளே வடியும். தாங்கள் பேரப் பிள்ளைகளோடு ஒன்று செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்டுக்கல் பக்கத்திலேயே பாட்டில் மானியையும் வைத்து, குழியில் இத்தனை விரற்கடை என்றால் எத்தனை மி.மீ. என்று ஒரு பட்டியல் போடுங்கள். உழவு மழைக்கும் அதேபோல் போடுங்கள். உங்கள் மண்ணில் ஓர் உழவு மழைக்கு எத்தனை மி.மீ. வேண்டும் என்பதை உங்கள் ஊரார்தான் எழுத முடியும். செம்மண்ணுக்கு ஒரு கணக்கு, கரிசலுக்கு வேறு கணக்கு.

கேள்வி: தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்கிறார் பாட்டி. அப்பா மூடநம்பிக்கை என்கிறார். யார் சொல்வது சரி?
— ஏழாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

பதில்: நீயே தீர்ப்புச் சொல்லு. ஒரு தாளில் நாலு கட்டம் போடு. தட்டான் தாழப் பறந்தது, மழை வந்தது. தாழப் பறந்தது, மழை வரவில்லை. தாழப் பறக்கவில்லை, மழை வந்தது. தாழப் பறக்கவும் இல்லை, மழையும் இல்லை. "மழை வந்தது" என்றால் எத்தனை மணி நேரத்துக்குள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள், பிறகு மாற்றக் கூடாது. தினமும் மாலையில் ஒரே நேரத்தில் பார்த்து ஒரு கட்டத்தில் ஒரு கோடு போடு.

நம்பிக்கைகள் ஏன் நிலைக்கின்றன தெரியுமா? முதல் கட்டம் மட்டும் மனதில் தங்கிவிடும், மற்ற மூன்றும் மறந்துபோகும். நாலு கட்டத்தையும் எண்ணிப் பார்த்தால்தான் பாட்டி சொன்னதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரியும். வானிலை அறிஞர்கள் தங்கள் முன்னறிவிப்பு பலித்ததா என்று பார்ப்பதும் இதே நாலு கட்டத்தை வைத்துத்தான். பாட்டியையும் கூட உட்காரவைத்துக்கொள். எந்த வகைத் தட்டான், எந்த உயரம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரலாமா? பயமாக இருக்கிறது.
— தாய், நாகர்கோவில்

பதில்: வீட்டுக்குள் உட்கார்ந்து எண்ணச் சொல்லித் தாருங்கள். மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி. ஆனால் இடி காதில் விழுந்தாலே நாம் மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறோம். மழைமானியைப் படிக்க வேண்டிய நேரமானாலும் அப்போது வெளியே போகக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். இதை வகுப்பறைச் சுவரில் எழுதியே வையுங்கள்.

இந்தக் கணக்குக்குச் சென்னையோடு பழைய உறவு உண்டு. 1820-களின் தொடக்கத்தில் சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒளிக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். அன்றன்றைய வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காற்றையும் கூடவே குறித்துவைத்தார். அதே வானாய்வகத்தில் 1796-லிருந்தே வானிலைப் பதிவுகள் உண்டு.

கேள்வி: என் கைப்பேசியில் காற்றழுத்தம் காட்டுகிறது. மாலை நேரத்தில் குறைகிறது. புயல் வருமா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கடலூர்

பதில்: வராது. நம்மூரைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் காற்றழுத்தம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம். அதிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. மேல் வளிமண்டலத்தைச் சூரியன் சூடாக்குவதால் எழும் அலை இது. சில ஹெக்டோபாஸ்கல்தான் வித்தியாசம், கைப்பேசி அதைக் காட்டிவிடும். கைப்பேசியை ஒரே மேசையில் வைத்துப் படி. மூன்று மாடி ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். ஒரு மாதம் எழுதினால் உன் ஊரின் தாளம் பிடிபடும். புயல் நெருங்கும்போது காலை 10 மணிக்கு ஏற வேண்டிய அழுத்தம் ஏறாமல் இறங்கிக்கொண்டே போகும். ஆனால் எச்சரிக்கையை வானிலை மையத்திடமிருந்தே கேட்டுக்கொள். கைப்பேசி உன் பாடத்துக்கு.

கேள்வி: ஈரப்பதம் என்றால் பிள்ளைகளுக்குப் புரியவே இல்லை. கண்ணால் காட்ட வழி உண்டா?
— ஆசிரியர், நாகப்பட்டினம்

பதில்: எவர்சில்வர் டம்ளர் இருக்கிறதே! அதில் பாதி தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை உள்ளே விட்டு, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்பக்கம் பளபளப்பு மங்கி, விரலால் தொட்டால் கோடு விழும் அந்த நொடியில் வெப்பநிலையைப் படியுங்கள். அதுதான் பனிநிலை. டம்ளர் வியர்ப்பது உள்ளே இருக்கும் தண்ணீர் கசிந்து அல்ல, வெளியே காற்றில் இருக்கும் நீர்தான் படிகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். சந்தேகப்படும் பிள்ளைக்குத் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் கலந்து காட்டுங்கள், வெளியே படியும் துளி தெளிவாகவே இருக்கும். உங்கள் கடலோர ஊரில் மே மாதத்தில் ஓரிரண்டு துண்டு ஐஸ் போட்டதுமே டம்ளர் வியர்க்கும். மேற்கே, உள்மாவட்டத்துப் பள்ளி ஒன்றோடு பேசுங்கள், அதே நாளில் அவர்களும் செய்யட்டும். அங்கே ஐஸ் கூடுதலாகச் செலவாகும்.

கேள்வி: ஒன்றாம் வகுப்புக்கு எண்ணே முழுதாக வராது. அவர்களை என்ன செய்ய?
— ஆசிரியை, உதகமண்டலம்

பதில்: வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், சூரியனை நேராகப் பார்க்காமல். தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம். மேகம் பஞ்சுப் பொதியா, கீற்றா, போர்வையா? ஒரு கைக்குட்டையை நனைத்துக் கொடியில் போட்டு, காய்வதற்குள் எத்தனை பாடவேளை மணி அடித்தது என்று எண்ணச் சொல்லுங்கள். காற்று, வெயில், ஈரப்பதம் மூன்றையும் ஒரு கைக்குட்டை சொல்லிவிடும். உங்கள் ஊரில் எதிர்மலை தெரிகிறதா, பனிமூட்டத்தில் மறைந்ததா என்பதே ஒரு நல்ல அளவு.

கேள்வி: எங்கள் மானியில் எத்தனை மி.மீ. வந்தால் லீவு விடுவார்கள்?
— ஏழாம் வகுப்பு மாணவர்கள், திருவள்ளூர்

பதில்: அப்படி ஒரு கோடு கிடையாது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.-க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. லீவை முடிவு செய்வது மாவட்ட ஆட்சியர். முன்னறிவிப்பு, ஏற்கெனவே தேங்கிய நீர், ஏரி நிலவரம் எல்லாம் பார்ப்பார். லீவு விட்ட நாட்களில் உங்கள் மானி என்ன காட்டியது என்று எழுதிவையுங்கள். மழை ஓய்ந்த பிறகு பாதுகாப்பாகப் படிக்கக்கூடிய இடத்தில் மானி இருந்தால் மட்டும்.

கேள்வி: வானிலைத் துறையிடம் செயற்கைக்கோளும் ரேடாரும் இருக்கும்போது, பாட்டிலை வெட்டிப் பிள்ளைகள் எழுதும் எண் யாருக்கு வேண்டும்?
— வாசகர், திருச்சி

பதில்: 2023 டிசம்பர் 18 காலை முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. நடுவில் 26 செ.மீ. வித்தியாசம்! காயல்பட்டினத்தில் ஒரு மானி இல்லாமல் இருந்திருந்தால் அந்த எண்ணே நமக்குக் கிடைத்திருக்காது. ரேடார் மேகத்தைக் காட்டும். தரையில் எவ்வளவு விழுந்தது என்று சரிபார்க்க மானிதான் வேண்டும். மானி இல்லாத ஊர்கள் ஏராளம், பள்ளி இல்லாத ஊர் மிகக் குறைவு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலையில் பெருவெள்ளம். நகரின் ஒரு பக்கம் பேய்மழை, மறுபக்கம் சாதாரண மழை. அந்த அனுபவத்திலிருந்து 1998-ல் பொதுமக்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் மழை அளந்து சொல்லும் அமைப்பு அங்கே உருவானது, இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்தின் மீனச்சிலாற்றுப் படுகையில், பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் மழையையும் ஆற்று மட்டத்தையும் அளந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மலையில் பெய்தது எவ்வளவு என்று தெரிந்தால் கீழே இருப்பவர்கள் சாமானை மேலே ஏற்றிவைக்க நேரம் கிடைக்கும். தாமிரபரணிக் கரையில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன! அவை அனைத்திலும் ஒரு மானி வேண்டும் என்பது என் விருப்பம் மட்டுமல்ல, கோரிக்கை.

கேள்வி: வானிலைத் துறையில் பெண்கள் சாதித்திருக்கிறார்களா? என் மகளுக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.
— தாய், ஈரோடு

பதில்: அன்னா மாணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வேலை செய்தார். லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-ல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது நம்மிடம் சாதாரணக் கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்து வந்தன. ஏறக்குறைய நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடமும் தர அளவும் உருவாக்கி, இங்கேயே செய்ய வழி வகுத்தார். பிழையாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொள்கை. மகளிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி, எப்போது தொடங்குவது?
— ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்: வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் தொடங்குவதற்கான இயல்பான நாள் அக்டோபர் 20. நம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் வந்துவிடும். எனவே செப்டம்பருக்குள் பாட்டிலை வெட்டி, இடம் பார்த்து, யார் எந்த வாரம் படிப்பது என்று முறை வைத்துவிடுங்கள். தொடக்கத்தில் வரும் 0-க்கள் நல்ல பயிற்சி. டிசம்பர் முடிந்ததும் உங்கள் மழைப் பக்கங்களைப் படமெடுத்து, விட்டுப்போன கட்டங்களோடு அப்படியே எனக்கு அனுப்புங்கள். பள்ளியின் பெயரோடும் வகுப்பின் பெயரோடும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.